எண்ணினால் ஏறும் லிஃப்ட்

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு வீதியில், ஆறு மாடியும் ஒரே ஒரு லிஃப்ட்டும் உள்ள செந்தளிர் அபார்ட்மெண்ட்டில், ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து லிஃப்ட் பொத்தானுக்குக் கட்டுப்படுவதை விட்டுவிட்டுக் குழந்தைகளின் வாய்க்குக் கட்டுப்பட ஆரம்பித்தது. உள்ளே நிற்கிற குழந்தை ஒன்று என்றால் முதல் மாடிக்கு ஏறும், இரண்டு என்றால் இரண்டாம் மாடிக்கு ஏறும், மூன்று வராமல் குழந்தை விரலைச் சூப்பினால் இரண்டிலேயே கதவைத் திறந்துகொண்டு நிற்கும், பெரியவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும், செல்போனில் பதிவு செய்து ஓட்டிக் காட்டினாலும், பெரிய பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வந்து வாய்ப்பாடே ஒப்பித்தாலும் இம்மி அசையாது. ஏறுவதற்குத்தான் இந்தப் பாடு. இறங்குவதற்கு அது யாரையும் எண்ணச் சொல்லவில்லை, மேலே இறங்க ஆள் நின்றால் காலியாகவே ஏறி வரும், உள்ளே சத்தம் அடங்கினால் தானாகக் கீழே வந்துவிடும்.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மெக்கானிக் வந்து மொட்டை மாடியில் மோட்டார் அறையைத் திறந்து பார்த்து, எண்ணெய் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "மோட்டார் நல்லா இருக்குதுங்க, ரோப் நல்லா இருக்குதுங்க, குழந்தை சொன்னாத்தான் போவேங்குது, அதுக்கு எங்ககிட்ட பார்ட்ஸ் கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாச்சிமுத்துதான் குடியிருப்போர் சங்கச் செயலாளர், அவர் அன்று சாயங்காலமே 'லிஃப்ட்டைப் பயன்படுத்துவோர் தகுந்த குழந்தையுடன் வரவும்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார், அத்தோடு விஷயம் தண்ணீர் வராத நாள், ஜெனரேட்டர் ஓடாத நாள் மாதிரி வழக்கமாகிவிட்டது. மகன் வெளிநாட்டில் இருக்கும் ஆறாம் மாடித் தம்பதி பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போனார்கள், தண்ணீர் கேன் போடுகிறவர் கேனை வாசலில் இறக்கி வைத்துவிட்டு "ஏனுங்க, நாலு வரைக்கும் சொல்ற பாப்பா ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கூப்பிட்டுப் பார்த்தார், மூன்றை மட்டும் எப்போதும் விழுங்கிவிட்டு நாலுக்குத் தாவுகிற ஒரு பாப்பாவால் மூன்றாம் மாடிக்காரர்கள் ஒரு வாரம் நாலாம் மாடியில் இறங்கிப் படி வழியாகக் கீழே வந்தார்கள். அ, ஆ சொல்கிற குழந்தை ஏறினால் உள்ளே விளக்கும் எரியும், ஏ பி சி டி சொன்னால் ஃபேனும் சுற்றும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிய வந்தது, தெரிந்த நாளிலிருந்து எந்தத் தாயும் குழந்தையை வெறும் எண்ணோடு லிஃப்ட்டில் ஏற்றவில்லை.

கோபம் வர வேண்டியது லிஃப்ட் மேல் இல்லை. அது பாட்டுக்கு அது ஏறி இறங்கியது. லிஃப்ட் கதவுக்கு மேலே சிவப்பாக எரிகிற அந்த எண் இருக்கிறதே, அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கீழே நின்ற கூட்டத்தைத்தான் நாலு வார்த்தை கேட்கத் தோன்றும். அதற்கு முன்னால் இந்த அபார்ட்மெண்ட்டில் குழந்தைகளை ஒப்பிடாமல் இருந்தார்கள் என்று இல்லை, ஒப்பிட்டார்கள், ஆனால் கொஞ்சம் வெட்கத்தோடு, 'ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி' என்று முன்னால் ஒரு வரி போட்டுக்கொண்டு, பிறகு தன் குழந்தை எத்தனை மாதத்தில் என்ன சொன்னது என்பதைச் சாவகாசமாக அவிழ்த்தார்கள். இப்போது அந்த முன்வரியும் தேவைப்படவில்லை. யாருடைய குழந்தை யாரை எத்தனை மாடி ஏற்றியது என்பது சிவப்பு எழுத்தில் ஊருக்கே தெரிந்தது, ஒரு தாய் தன் குழந்தையோடு உள்ளே போய்க் கதவு மூடியதும் வெளியே நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள், எண் மூன்றில் நின்றால் "போன வாரமும் மூணுதானே?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள்.

அதில் எல்லோருக்கும் மேலே இருந்தது ரித்விக். இரண்டாம் மாடி ஷர்மிளாவின் மகன், இரண்டரை வயது, நூறு வரைக்கும் சொல்வான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்த விதம் ஒன்று உண்டு. குழந்தை ஒரு எண்ணில் நின்றால் ஷர்மிளா "அப்புறம்?" என்பாள், அவன் அடுத்ததைச் சொல்வான், திரும்பவும் நின்றால் திரும்பவும் "அப்புறம்?", குளிக்கும்போது அப்புறம், சாப்பிடும்போது அப்புறம், தூங்கப் போகும்போதும் கண் சொருகுகிற வரை அப்புறம். அவன் நிற்கவே மறந்துவிட்டான். இரண்டாம் மாடிக்குப் போக இரண்டு போதுமே, நூறு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நூறு தெரிந்த பிள்ளை இரண்டாம் மாடியில் கிடந்து வீணாகிறானே என்றுதான் வருத்தப்பட்டார்கள். அவனை இரவல் வாங்கிக்கொண்டு மேலே போகிறவர்கள் கையில் ஒரு பிஸ்கட்டைத் தயாராக வைத்திருப்பார்கள், தங்கள் மாடி வந்ததும் சட்டென்று அவன் வாயில் பிஸ்கட்டைத் திணித்தால்தான் எண்ணிக்கை நிற்கும், கதவு திறக்கும். பிஸ்கட் மறந்தவர்கள் ஆறாம் மாடி வரை போய்விட்டு, அவன் வாயைத் தாங்களே பொத்தி, அவன் அழுது ஓய்ந்த பிறகு இறங்கி வந்ததும் உண்டு. அப்படிப் பொத்தியிருக்காவிட்டால் ஆறுக்கு மேல் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

வசுமதியின் வீடு ஐந்தாம் மாடியில். அவள் மகன் மகிழனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார், பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் பஸ் ஏறிப் போய் வந்தாள், பயிற்சி தருகிற பெண் நல்லவள், "அவன் வேற விதமா சொல்லிட்டுத்தான் இருப்பான், கவனிச்சுப் பாருங்க" என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள், வசுமதி தலையை ஆட்டிவிட்டு வந்து ஒவ்வொரு முறையும் வார்த்தைக்காகவே காத்திருந்தாள். லிஃப்ட்டில் மகிழனோடு ஏறினால் சிவப்பு எண் பூஜ்யத்திலேயே நிற்கும். விளக்கு எரியாது, ஃபேன் சுற்றாது. இருட்டில் தாயும் மகனும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார்கள், வெளியே நிற்கிறவர்கள் எல்லோரும் அந்த நேரம் பார்த்து வேறு எங்கோ பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

முதலில் அவளும் ரித்விக்கை இரவல் வாங்கினாள். ஷர்மிளா மறுத்ததே இல்லை, அதுதான் இன்னும் மோசம்.

"கூட்டிட்டுப் போங்க்கா, இதுல என்ன இருக்குது. மகிழனுக்கும் கேட்டுக் கேட்டுப் பழகுமில்ல? எங்க ரித்து ஒம்போதாம் மாசமே அம்மா சொல்லிட்டானுங்க்கா. நீங்க கவலப்படாதீங்க, சில பசங்களுக்கு லேட்டாத்தான் வரும். இருந்தாலும் மூணு வயசுங்கறது கொஞ்சம்... டாக்டர் என்னதான் சொல்றாரு?"

"பாக்கலாம்னு சொல்றாருங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"பாவம்க்கா நீங்க" என்றாள் ஷர்மிளா, மனதாரத்தான் சொன்னாள். அந்தப் பாவத்துக்குப் பிறகு வசுமதி படியில் ஏற ஆரம்பித்தாள். மகிழனை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் காய்கறிப் பையோ மாவுப் பாக்கெட்டோ பிடித்துக்கொண்டு, மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு முறை மூச்சு வாங்கி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, மறுபடி ஏறினாள். இறங்கும்போது மட்டும் லிஃப்ட். மகிழனோடு இறங்கினால் லிஃப்ட் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு கீழே வரும், ஒரு குலுக்கல் இருக்காது, ரித்விக்கோடு ஷர்மிளா இறங்க வேண்டுமென்றால் அவன் வாய் ஓய்கிற வரை மேலேயே காத்துக் கிடக்க வேண்டும். மகிழனுக்கு இறங்குவது ரொம்பப் பிடிக்கும். கதவில் இருந்த சின்னக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு, மாடிகள் மேலே மேலே போவதைப் பார்த்து நிற்பான். அதை யாரும் ஒரு சாமர்த்தியமாக எண்ணவில்லை, பெற்றவளும் எண்ணவில்லை.

வீட்டில் பாடம் நடந்தது. அடுக்களை மேடையில் அவனை உட்கார வைத்து, ஒரு கிண்ணத்தில் வேர்க்கடலையை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "ஒண்ணு சொல்லு சாமி, ஒண்ணு, ஒ... ண்ணு, அம்மா வாயைப் பாரு, ஒ..." என்று காலையில் தொடங்கினால் குக்கர் விசில் அடங்கி, பருப்பு ஆறிப்போகிற வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். மகிழன் அவள் வாயைப் பார்ப்பான். கடலையைப் பார்ப்பான். பிறகு தன் சின்ன உள்ளங்கையை விரித்து அவள் வாய்மேல் வைப்பான்.

"விளையாடாத. கையை எடு. ஒண்ணு சொல்லு."

மறுபடி வைப்பான். அவள் கையைத் தட்டிவிடுவாள். மறுபடி வைப்பான். ஒரு நாள் அந்தக் கையில் சுளீரென்று ஒன்று போட்டுவிட்டாள், அவன் அழவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான், அவள்தான் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவள் புருஷன் யுவராஜ் பெட்ஷீட் ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசர், சாப்பிட வந்தவன் அவள் கண்ணைப் பார்த்துவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தான். அவள் இரண்டாம் முறை சோறு போட வந்தபோது, பந்தியில் இலைமேல் எல்லோரும் வைக்கிற மாதிரி, தட்டின்மேல் கையை விரித்து மறித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகிழனும் தன் தட்டின்மேல் அதே மாதிரி கையை விரித்து மறித்தான். அவள் கரண்டியைத் திருப்பிச் சட்டியில் போட்டாள்.

"வீட்டை வித்துட்டு கிரவுண்டு ஃப்ளோரா பாத்துப் போயிரலாமா?" என்றான் யுவராஜ்.

"பேச்சு வராத பையனுக்காக மாடியை விட்டு எறங்கிட்டாங்கன்னு சொல்லட்டும்னா? நான் ஏறிக்கறேன். அவன் ஒரு வார்த்தை சொல்ற வரைக்கும் ஏறிக்கறேன்."

விஜயதசமி வந்தது. அன்று மூன்று வயதுக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதும், தட்டில் அரிசியைப் பரப்பி விரலைப் பிடித்து எழுத்து எழுத வைப்பதும் எங்கும் இருக்கிற வழக்கம்தான். செந்தளிரில் அந்த வருஷம் அதோடு லிஃப்ட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு குழந்தையும் எல்லோர் முன்னிலையிலும் ஏறித் தன் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும், முடிந்ததும் சுண்டலும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் பரிசு என்று நாச்சிமுத்து அறிவித்தார். அறிவித்த மறுநாளே புகார் வந்தது. தாய்மார்கள் உள்ளே நின்று காதில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், விரலைக் காட்டிவிடுவார்கள், அது நியாயமில்லை என்று நான்காம் மாடிக்காரி சொல்ல, ஆமாம் ஆமாம் என்று எல்லாத் தாய்மார்களும் சொன்னார்கள், ஒருவரையொருவர் அத்தனை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். எனவே குழந்தை தனியாக ஏற வேண்டும், பெரியவர்கள் யாரும் உள்ளே போகக் கூடாது என்று முடிவாயிற்று. பச்சைக் குழந்தையைத் தனியாகப் பெட்டிக்குள் அடைக்கலாமா என்று ஒரே ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. நியாயம் முக்கியமாயிற்றே.

அன்று காலை கீழ்த்தளத்தில் வாழைக்கன்று கட்டி, மாவிலை கட்டி, லிஃப்ட் கதவுக்குச் சந்தனம் வைத்து, மைக் வைத்திருந்தார்கள். குழந்தைகள் பட்டுப் பாவாடையிலும் குட்டி வேட்டியிலும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. முதல் குழந்தைக்கு நாலு வந்தது, மூன்றை விழுங்குகிற பாப்பாவுக்கு அன்று பார்த்து மூன்றும் வந்துவிட்டது, அவள் தாய் கும்பிட்டே விட்டாள். ஒரு குழந்தை இரண்டில் நின்று அழுததும், நான்காம் மாடிக்காரி பக்கத்தில் இருந்தவளிடம் "பால்வாடிக்கு அனுப்பியிருந்தாலும் இதைவிட மேலா வந்திருக்கும்" என்று கிசுகிசுத்தாள். நாச்சிமுத்து மைக்கில் ஒவ்வொரு எண்ணையும் ஏலம் போடுகிறவர் மாதிரி இழுத்துச் சொன்னார்.

"அடுத்து, ஐந்தாம் மாடி, மகிழன்."

வசுமதி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காலையில் வேர்க்கடலைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது அவன் உதடு லேசாகக் குவிந்த மாதிரி இருந்தது, அதை நம்பிக்கொண்டு வந்துவிட்டாள். அவனை உள்ளே விட்டுச் சட்டைக் காலரைச் சரி செய்து, "ஒண்ணு மட்டும் சொல்லு சாமி, அம்மாவுக்காக" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கதவு மூடியது. சிவப்பு பூஜ்யம் எரிந்தது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. மைக் கரகரத்தது. யாரோ இருமினார்கள். பூஜ்யம் அப்படியே எரிந்துகொண்டிருந்தது, எவ்வளவு நேரம் என்று கேட்டால் அங்கே இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள், அவளுக்கு மட்டும் அது மூன்று வருஷம். "பரவால்லீங்க, குழந்தைதானே, ஒரு கைதட்டு குடுங்க" என்று நாச்சிமுத்து சொன்னபோது அந்தக் கைதட்டலைக் கேட்கப் பிடிக்காமல் அவள் சுவர்ப்பக்கம் திரும்பித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கதவு திறந்ததை அவள் பார்க்கவில்லை. யுவராஜ் கூட்டத்துக்குப் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் எண்ணை ஏற்றாத குழந்தை வெளியே வந்ததா இல்லையா என்று கவனிக்க அவர்களுக்குத் தோன்றவில்லை, எல்லோர் கண்ணும் அடுத்த குழந்தை மேல் போய்விட்டது. அடுத்த குழந்தை ரித்விக். பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி உள்ளே போனான், கதவு மூடியது, மகிழன் மூலையில் நின்றுகொண்டிருந்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஓடியது. ஆறு வந்ததும் கூட்டம் கைதட்டியது. ஏழு வந்தது. கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது, ஏனென்றால் ஏழு ஆறைவிடப் பெரிது. எட்டு வந்தபோது ஷர்மிளா செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தாள். பன்னிரண்டு வந்தபோதுதான் நாச்சிமுத்து மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, "நம்ம பில்டிங்குல ஆறுதானுங்களே" என்றார்.

அப்போதுதான் வசுமதி திரும்பினாள். கூட்டத்தில் குட்டிக் குட்டித் தலைகளாகத் தேடினாள், நாற்காலிகளுக்கு அடியில் தேடினாள், சிவப்பு எண்ணைப் பார்த்தாள், அது பதினெட்டைக் காட்டியது.

"என் பையன் உள்ள இருக்கறான்" என்றாள். யாருக்கும் முதலில் புரியவில்லை.

எல்லோரும் படியைப் பார்த்து ஓடினார்கள். இரண்டாம் மாடியிலேயே பாதிப் பேருக்கு மூச்சு நின்றுவிட்டது, ஷர்மிளா மூன்றாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து "ரித்து, நிறுத்துடா, ரித்து" என்று அலறினாள், பின்னாலிருந்து ஓடி வந்த யுவராஜுக்கு நாலாம் மாடியில் கால் மடங்கியது. இரண்டு மாதத்துக்கு மேலாகப் பிள்ளையையும் பையையும் தூக்கிக்கொண்டு ஏறிய கால் வசுமதியின் கால். அவள் எங்கும் நிற்கவில்லை. மொட்டை மாடிக் கதவைத் தள்ளித் திறந்தபோது மோட்டார் அறையின் கூரை பாத்திரத்து மூடி போல ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது, அங்கிருந்து ரோப் நேராக மேலே போயிற்று, துணி காய்கிற கொடிகளுக்கு மேலே, செல்போன் டவர்களுக்கு மேலே, பருந்து சுற்றுகிற உயரத்துக்கும் மேலே, தீப்பெட்டி அளவில் லிஃப்ட் ஏறிக்கொண்டிருந்தது. காற்றில் ரித்விக்கின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. நாப்பத்தி ஒண்ணு. நாப்பத்தி ரெண்டு. அவன் அழுதுகொண்டேதான் சொன்னான், ஆனால் நிறுத்தவில்லை, நிறுத்துவது என்ற ஒன்றை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பிஸ்கட்டுக்கு அங்கே வழியில்லை.

வசுமதி தலைக்கு மேல் கையைக் குவித்தாள். மூன்று வருஷமாகக் கோயில் கோயிலாகப் போய் ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டவள், அந்த நிமிஷத்தில் கேட்டது வேறு. அவனும் பயந்துபோய் ரித்விக்கோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினால் என்ன ஆகும்? "வாயைத் திறக்காத சாமி. ஒண்ணும் சொல்லாத. அம்மா கேக்க மாட்டேன், இனிக் கேக்கவே மாட்டேன், ஒண்ணும் சொல்லாத கண்ணு" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

அறுபத்தி ஏழு கேட்டது. அறுபத்தி எட்டு கேட்கவில்லை.

பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் அவளோடு அண்ணாந்து நின்றார்கள். மேலே சத்தமே இல்லை. கதவு திறக்க அங்கே மாடி எதுவும் இல்லை, சத்தம் அடங்கியதும் லிஃப்ட் தன் வழக்கப்படி இறங்கத் தொடங்கியது, மகிழன் மட்டும் இருக்கும்போது இறங்குகிற மாதிரியே, குலுங்காமல், அவசரப்படாமல், பருந்தைத் தாண்டி, டவரைத் தாண்டி, கொடியில் காய்ந்த துணிகளைத் தாண்டி இறங்கியது. மோட்டார் அறைக்குள் நுழைவதற்கு முன் கதவின் சின்னக் கண்ணாடி அவள் கண்ணுக்கு நேராக வந்தது. உள்ளே ரித்விக் கன்னமெல்லாம் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் மகிழன் மண்டிபோட்டு உட்கார்ந்து, தன் சின்ன உள்ளங்கையை விரித்து, ரித்விக்கின் வாய்மேல் வைத்திருந்தான்.

அவளுக்கு அந்தக் கை தெரியும். தினமும் தட்டின்மேல் அது விரியும்போதெல்லாம் அவள் கரண்டியைத் திருப்பியிருக்கிறாள், ஒரு நாள்கூடத் தவறாமல் திருப்பியிருக்கிறாள், அவன் போதும் என்று சொன்னான், அவளும் கேட்டுக்கொண்டாள். அதே கை அவள் வாய்மேல் வந்தபோதுதான் விளையாட்டு என்றாள், தட்டிவிட்டாள், ஒரு நாள் அடித்தாள். சோறு போதும் என்றது புரிந்தது, அம்மா போதும் என்றது புரியவில்லை. வேர்க்கடலையைக் காட்டிக் காட்டி அவள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தபோதே, போதும் என்ற வார்த்தையை அவன் எத்தனையோ முறை சொல்லிவிட்டான். வசுமதி மொட்டை மாடித் தரையில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கீழே கதவு திறந்தபோது கூட்டம் திரும்பவும் கூடிவிட்டது. ஷர்மிளா மகனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு முத்தமாகப் பொழிந்தாள்.

"எப்படிடா நிறுத்துன, தங்கம்?"

"மகி போதும்னு சொன்னான்" என்றான் ரித்விக்.

"பேசிட்டானா!" என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நாச்சிமுத்து மைக்கைத் தேடினார்.

"இப்படிச் சொன்னான்" என்று ரித்விக் தன் கையை எடுத்துத் தன் வாய்மேல் வைத்துக் காட்டினான்.

"ஓ, பேசலியா" என்றாள் நான்காம் மாடிக்காரி. பேசவில்லை என்றதும் கூட்டத்தில் ஒரு சலிப்பு வந்ததை என்னவென்று சொல்வது. ஆனாலும் அபார்ட்மெண்ட் அதையும் வீணாக்கவில்லை. அந்த வாரக் கடைசிக்குள் நாச்சிமுத்து, ஆறுக்கு மேல் எண்ணத் தெரிந்த குழந்தையுடன் கை வைக்கத் தெரிந்த குழந்தையும் வர வேண்டும் என்று பலகையில் புதிதாக எழுதிப் போட்டார். சாயங்காலங்களில் வாசலில் தாய்மார்கள் குழந்தைகளை எதிரெதிரே உட்கார வைத்து வாயில் கை வைக்கப் பழக்கினார்கள். ஒருத்தி தன் குழந்தை இரண்டு கையாலும் வைப்பதாகச் சொன்னாள், இன்னொருத்தி தன் குழந்தை கையை எடுக்காமல் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது பார் என்று செல்போனில் காட்டினாள், வைக்க வராத குழந்தையின் தாய் படியில் ஏறிப் போனாள்.

மகிழன் அதற்குப் பிறகும் பேசவில்லை. லிஃப்ட் அவனுக்காக ஒரு மாடிகூட ஏறவில்லை. வசுமதி வேர்க்கடலையை வறுத்துச் சட்னி அரைத்துவிட்டாள். படியில்தான் ஏறினாள், முன்பு மாதிரியே மூச்சு வாங்கியது, முன்பு மாதிரியே கால் வலித்தது, வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஒரு நாள் மூன்றாம் மாடித் திருப்பத்தில், இடுப்பில் மகிழனோடு அவள் நின்றுகொண்டிருந்தபோது ஷர்மிளா மேலே யார் வீட்டுக்கோ போய்விட்டு இறங்கி வந்தாள். நன்றியில்லாதவள் இல்லை அவள், வீட்டுக்கு வந்து அழுது, மகிழனுக்கு ஒரு சட்டைகூட எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனவள்தான்.

"அக்கா, மகிழனைச் சாயங்காலம் கொஞ்சம் அனுப்பறீங்களா? ரித்து இப்ப இருநூறு படிக்கறானுங்க்கா, கை வைக்க ஆள் வேணும். இல்ல, நான் கேக்கறனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, இந்தக் கையை எத்தன மாசத்துல பழக்குனீங்க? எங்க ரித்துவுக்கு இன்னும் வர மாட்டேங்குது. சரி, பேச்சு ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"டாக்டர்கிட்ட மறுபடி போனீங்களா? அப்புறம்?"

வசுமதி இடுப்பிலிருந்து நழுவிய மகிழனை ஏற்றிப் பிடித்தாள்.

"அப்புறம்?" என்றாள் ஷர்மிளா மறுபடியும், அன்பாகத்தான்.

வசுமதி பையைப் படியில் வைத்தாள். கையை விரித்து, பந்தியில் இலைமேல் வைப்பது போல, ஷர்மிளாவின் வாய்மேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், ஆனால் எடுப்பதற்கு அவசரப்படவில்லை. மகிழன் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, அம்மாவின் கைமேல் தன் கையையும் வைத்தான்.